வீட்டுக்கு அனுப்பும் முன் காரணத்தைத் தேடுங்கள்: பெங்களூரு பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரு பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

அல்சூர், மர்பி டவுன், காக்ஸ் டவுன், சிவாஜி நகர் பக்கத்துப் பள்ளிகளில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு பல வருடமாக வேலை செய்துவரும் சிறப்பாசிரியர் நான். இந்தப் பகுதியில் உங்களில் பலர் தமிழர்கள். உங்கள் பள்ளியில் மிஸ்ஸாக, ஆயாவாக, வேன் ஓட்டுநராக இருப்பவர்களிலும் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர். நீங்கள் டைரியில் எழுதி அனுப்புவதைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடக்கும் தாய்மார்களும் தமிழ்த் தாய்மார்கள்தான். எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டு மூன்று மாதம் போனதும் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "மிஸ், நாளையிலேர்ந்து அனுப்ப வேணாம்னு சொல்லிட்டாங்க." என்ன ஆயிற்று என்று கேட்டால், கடித்தான், பக்கத்துப் பையனைத் தள்ளினான், தலையைச் சுவரில் மோதிக்கொண்டான், வகுப்பை விட்டு ஓடினான் என்று சொல்வார்கள். டைரியை வாங்கிப் பார்த்தால், திடீரென்று காரணமே இல்லாமல் செய்தான் என்று எழுதியிருக்கும். சில பள்ளிகள் ஒரு வாரம் வீட்டில் வைத்திருக்கச் சொல்கின்றன. சில பள்ளிகள், மாத்திரை ஆரம்பித்த பிறகு கூட்டி வாருங்கள் என்கின்றன. இன்னும் சில, டிசியை வாங்கிக்கொண்டு வேறு இடம் பாருங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிடுகின்றன.

இப்படி வந்த பிள்ளைகளில் காரணமே இல்லாமல் கடித்த பிள்ளை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. காரணம் நமக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். கண்டுபிடிக்க முறை இருக்கிறது. பெரிய செலவும் இல்லை, வெளிநாட்டுக் கருவியும் வேண்டாம். நீங்கள் எந்த முடிவெடுக்கும் முன்பும் அந்தத் தேடலைச் செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பள்ளியானாலும் தெரபி சென்டரானாலும் எல்லோரும் தாண்டிப் போகிற படி இதுதான்.

நான் பார்த்த ஒரு பெண் பிள்ளைக்குப் பதினோரு வயது. பேச்சு அதிகம் கிடையாது, வேண்டியதை ஒற்றைச் சொல்லில் கேட்பாள். தீபாவளி விடுமுறை முடிந்து வந்ததிலிருந்து தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தாள். தடுக்கப் போகிற பிள்ளைக்கும் அடி விழும். சாப்பாட்டு நேரத்தில் ரொம்ப அதிகம். எல்லோரும் தன்னைப் பார்க்க வேண்டும் என்றுதான் செய்கிறாள் என்று பள்ளி முடிவு கட்டியது. அவள் அறைந்துகொள்ளும்போது யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வகுப்புக்கே சொல்லி வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் போனபோது அவளுடைய பாட்டி பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். "இவளுக்கு நிப்பட்டுன்னா உசுரு. ஐயங்கார் பேக்கரியிலேர்ந்து வாங்கிட்டு வந்தா பொட்டலத்தைக் கீழ வைக்க விடமாட்டா. இப்ப என்னடான்னா காபியில ஊறப்போட்டுத் திங்கறா." தட்டை மாதிரி மொறுமொறுக்கும் அந்தச் சத்தத்துக்காகவே நிப்பட்டு கேட்கிற பிள்ளை அவள். மறுநாள் அவள் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். தயிர்சாதத்தை இடது பக்கத்திலேயே ஒதுக்கி மென்றாள். குளிர்ந்த தண்ணீர் வாயில் பட்டதும் முகம் சுளித்துத் தலையைச் சாய்த்தாள். அறை விழுந்தது எப்போதும் வலது கன்னத்தில்தான். பல் மருத்துவரிடம் போனால் வாயைத் திறக்க மாட்டாள், அதனால் மயக்கம் கொடுத்துத்தான் பார்க்க முடிந்தது. வலது கடைவாய்ப் பல் சொத்தையாகி வேரில் சீழ் கட்டியிருந்தது. சிகிச்சை முடிந்த பிறகு அறைவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றுபோனது. அதுவரைக்கும் அந்தப் பிள்ளை சீழ்பிடித்த பல்லோடு, யாரும் திரும்பிப் பார்க்காத வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. அந்த ஆசிரியர்கள் கெட்டவர்கள் இல்லை. யாரோ ஒரு பயிற்சி வகுப்பில், கவனிக்காமல் விட்டால் தானாக அடங்கிவிடும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எப்போது விடலாம், எப்போது விடவே கூடாது என்பதைச் சொல்லித் தரவில்லை.

பல் மட்டும் இல்லை. காதில் சீழ், நெஞ்செரிச்சல், மலச்சிக்கல் எல்லாமே கடியாகவும் அடியாகவும் வெளியே வரும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வயிற்றுக் கோளாறு மற்ற பிள்ளைகளைவிட அதிகம். பள்ளிக் கழிப்பறையின் வாடை பிடிக்காமல் காலையிலிருந்து மூன்று மணி வரை அடக்கி வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை மத்தியானம் கத்தாமல் என்ன செய்யும்? தூக்கமும் அப்படித்தான். இரவு இரண்டு மணிக்கு விழித்த பிள்ளையை ஏழரை மணி வேனில் ஏற்றி அனுப்புகிறார்கள். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நாட்களைக் காலண்டரில் குறித்து, கோபம் வந்த நாட்களோடு வைத்துப் பாருங்கள். சில பிள்ளைகளுக்கு வலிப்பு நோயும் சேர்ந்திருக்கும். சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு, பிறகு குழம்பிப்போய் ஆவேசப்படும் பிள்ளையை நரம்பியல் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். இத்தனை நாள் இல்லாத நடத்தை திடீரென்று தொடங்கினால், முதலில் போக வேண்டிய இடம் டாக்டர்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, சொல்லவே கஷ்டமாக இருந்தாலும். ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால், ஒரு குறிப்பிட்ட அறைக்குப் போகச் சொன்னால், வேனில் ஏறச் சொன்னால் மட்டும் பிள்ளை அலறுகிறது என்றால், யாராவது துன்புறுத்துகிறார்களா என்ற கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். பேச முடியாத பிள்ளை அதை வேறு எப்படிச் சொல்லும்? பாலியல் துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைப் புகார் செய்வது கட்டாயம். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி வைக்க இடமில்லை.

உடம்பு சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, சுற்றியிருப்பதைப் பார்க்கலாம். உங்கள் பிரேயர் மைக் 'கீ' என்று ஒரு தடவை கத்தினால் நமக்குக் காது கூசும், மறந்துவிடுவோம். சில பிள்ளைகளுக்கு அது உடம்பில் பட்ட அடி. டியூப்லைட் துடிப்பதும் பெஞ்சை இழுக்கும் சத்தமும் நாற்பது பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் மணமும் ஒரே நேரத்தில் சேரும்போது சில பிள்ளைகளால் தாங்கவே முடியாது. அப்போது அவர்கள் கத்துவதும் தரையில் விழுவதும் அடம் இல்லை. அடம் பிடிக்கிற பிள்ளை கேட்டதைக் கொடுத்தால் நிறுத்தும். இது எதைக் கொடுத்தாலும் நிற்காது. சத்தமும் ஆளும் குறைந்த இடத்தில் நேரம் கொடுத்தால்தான் மெல்ல அடங்கும்.

பெங்களூரில் இன்னொன்றும் இருக்கிறது. மெட்ரோ வேலைக்காகத் தெருவை அடைத்து வேன் வேறு வழியாகப் போனால், அன்றைய காலை முழுக்கக் கெட்டுப்போகும் பிள்ளைகள் உண்டு. நாளைக்கு வேறு வழி என்று முந்தின நாளே படம் காட்டிச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பள்ளி ஆண்டு விழா ஒத்திகை நடக்கும் மாதம்தான் எனக்கு ரொம்ப பயமான மாதம். டைம்டேபிள் ஒரு நாளைப்போல் ஒரு நாள் இருக்காது, ஸ்பீக்கர் வேறு. அந்த மாதம் மட்டும் டைரிக் குறிப்புகளை எண்ணிப் பாருங்கள்.

மொழி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் கேட்கிறார்கள், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம். பேச்சு தாமதமானதும் பள்ளி சொல்லும் முதல் ஆலோசனை, வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்திலேயே பேசுங்கள் என்பது. சில டாக்டர்களும் சொல்கிறார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு கூடுதலாகத் தாமதமாவதில்லை என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அப்படியிருந்தும் இந்த ஆலோசனை ஓயவில்லை.

அதனால் வீட்டில் என்ன ஆகிறது தெரியுமா? பாட்டிக்கு ஆங்கிலம் வராது, அதனால் பேரனிடம் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் "கம்", "சிட்", "ஈட்", "நோ". நாள் முழுக்கப் பிள்ளை காதில் விழுவது கட்டளை மட்டும்தான். கதை இல்லை, கொஞ்சல் இல்லை, "எங்கடா வலிக்குது" என்ற கேள்வி இல்லை. வலிக்குது, வேணாம், பயமா இருக்கு, போதும் — இந்த நாலு வார்த்தை ஒரு பிள்ளைக்கு எந்த மொழியில் முதலில் வருமோ அந்த மொழியில் வரட்டும். அவை இல்லாத பிள்ளை பல்லைத்தான் பயன்படுத்தும். தமிழை நிறுத்தச் சொன்ன பள்ளியே பிறகு, பிள்ளை கடிக்கிறது என்று வீட்டுக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு வருகிறேன்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாலு பத்தி கோடு போடுங்கள். நேரம். அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. பிள்ளை என்ன செய்தது. அதற்குப் பிறகு நாம் எல்லோரும் என்ன செய்தோம். 'ஆவேசப்பட்டான்' என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. 'வலது மணிக்கட்டைக் கடித்தான், பல் பதிந்தது, ஒரு நிமிடம்' என்று கண்ணால் கண்டதை எழுத வேண்டும். பக்கத்தின் மேலே அன்றைய தூக்கம், காலைச் சாப்பாடு, வயிறு, வேன் வந்த நேரம் ஆகியவற்றை வீட்டிலிருந்து கேட்டு எழுதுங்கள். இரண்டு வாரம் எழுதினாலே போதும், பெரும்பாலும் ஏதோ ஒரு ஒழுங்கு கண்ணில் படும். எந்த நேரத்தில் வருகிறது என்று பார்ப்பது போலவே எந்த நேரத்தில் வருவதே இல்லை என்றும் பாருங்கள். ஆசிரியர் மட்டும் எழுதினால் பத்தாது. உங்கள் ஆயாவையும் வேன் டிரைவரையும் கேளுங்கள். என் அனுபவத்தில் அவர்களுக்குத்தான் நிறையத் தெரிந்திருக்கும்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு இப்படித்தான் எழுதினோம். மணிக்கட்டைக் கடிப்பான், நோட்டைத் தூக்கி எறிவான். எறிந்த உடனே ஆபீஸ் ரூமுக்கு அனுப்பிவிடுவார்கள், தண்டனையாக. எழுதிய பக்கங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, கையில் ஒர்க்‌ஷீட் கொடுக்கும் கணக்குப் பாடத்தில் ஒரு சம்பவம்கூட இல்லை. விளையாட்டுப் பீரியடில் இல்லை. போர்டைப் பார்த்து எழுதச் சொல்லும் நேரத்தில் மட்டும்தான். அவனுக்குக் கை வேகம் குறைவு. தலையைத் தூக்கிப் போர்டைப் பார்த்துவிட்டு நோட்டுக்குத் திரும்புவதற்குள் எந்த வரி என்பது தப்பிவிடும். அவன் பாதி எழுதுவதற்குள் மிஸ் அழித்துவிடுவார்.

அந்த ஆபீஸ் ரூமுக்கும் போய்ப் பார்த்தேன். ஃபேனுக்குக் கீழே நாற்காலி. எதிர்ச் சுவரில் பள்ளியின் சாவிகளெல்லாம் வரிசையாக மாட்டிய பலகை, ஒவ்வொரு கொக்கியின் மேலும் ஒரு நம்பர். நம்பர் என்றால் அவனுக்கு அப்படி ஒரு ஆசை. அட்டெண்டர் அக்கா சொன்னார்: "உள்ள வந்ததும் அழுகை நின்னுடும் மிஸ். ஒண்ணுலேர்ந்து கடைசி வரைக்கும் விரல் வெச்சுப் படிப்பான். 17 காணோம்னா என்னைக் கேப்பான்." கடித்தால் எழுத வேண்டாம், கடித்தால் சாவிப் பலகை. பள்ளி அறியாமலேயே அவனுக்கு இதைத்தான் தினமும் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அப்புறம் செய்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். போர்டில் எழுதுவதை ஒரு தாளில் எழுதி அவன் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தோம். பத்து வரிக்கு ஐந்து வரி போதும் என்றோம். 'பிரேக்' என்று எழுதிய அட்டை ஒன்றை மேஜையில் ஒட்டினோம். அதைத் தொட்டால் ஐந்து நிமிடம் சாவிப் பலகை பார்த்து வரலாம், கடிக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் சில நாள் அட்டையைத் தொட்டுக்கொண்டே இருந்தான். வகுப்பாசிரியருக்குப் பொறுமை போய்விட்டது. கொஞ்சம் பொறுங்கள், கேட்டால் கிடைக்கும் என்று அவனுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்று கெஞ்சினேன். நம்பிக்கை வந்ததும் தானாகக் குறைந்தது. இன்றைக்கும் வேன் தாமதமான நாட்களில் கடிப்பான். ஆனால் அந்த நாட்களை இப்போது அவன் ஆசிரியரே முன்கூட்டிச் சொல்லிவிடுவார்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் பிரையன் இவாட்டாவும் அவரது குழுவினரும் 1982இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் வளர்ச்சிக் குறைபாடுள்ள 9 பேரை எடுத்துக்கொண்டு, பாடம் செய்யச் சொல்லும் சூழல், காயப்படுத்தும்போது அக்கறை காட்டும் சூழல், தனியாக விடும் சூழல், விளையாட்டுச் சூழல் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். 6 பேருக்கு ஏதோ ஒரு குறிப்பிட்ட சூழலில் மட்டும் காயப்படுத்திக்கொள்வது தெளிவாகக் கூடியது. அந்தச் சூழல் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது. ஒரே மாதிரி தலையை மோதிக்கொள்ளும் இரண்டு பிள்ளைகளில் ஒரு பிள்ளை வேலையிலிருந்து தப்பிக்கச் செய்யலாம், இன்னொன்று யாராவது பக்கத்தில் வர வேண்டும் என்று செய்யலாம். பிடித்த பொருளைக் கேட்டும் செய்யலாம். அந்த அசைவு உடம்புக்குத் தரும் உணர்வுக்காகவும் செய்யலாம். ஒரே பிள்ளை காலையில் ஒரு காரணத்துக்கும் மாலையில் வேறு காரணத்துக்கும் செய்வதும் உண்டு. அந்தச் சோதனையைப் பயிற்சி பெற்றவர்கள்தான் பாதுகாப்போடு செய்ய வேண்டும், வகுப்பில் யாரும் முயன்று பார்க்கக் கூடாது. வகுப்புக்கு அந்த நாலு பத்தி நோட்டே போதும்.

1985இல் எட்வர்ட் காரும் மார்க் டூராண்டும் இன்னொரு படி போனார்கள். பாடம் கடினமாக இருப்பதால் ரகளை செய்யும் பிள்ளைக்கு 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லக் கற்றுக் கொடுத்தார்கள். ஆசிரியர் தன்னைக் கவனிக்க வேண்டும் என்று ரகளை செய்யும் பிள்ளைக்கு 'நான் நன்றாகச் செய்கிறேனா?' என்று கேட்கக் கற்றுக் கொடுத்தார்கள். ரகளை வெகுவாகக் குறைந்தது. காரணத்துக்குப் பொருந்தாத வாக்கியத்தைக் கற்றுக் கொடுத்தபோது குறையவில்லை. காரணத்துக்குப் பொருந்தும் வார்த்தைதான் வேலை செய்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ஸ்டார் சார்ட், ஒரே மூலையில் நிற்க வைக்கும் தண்டனை என்று வைத்திருக்கும் பள்ளிகள் இந்த ஒரு முடிவை மட்டும் யோசித்துப் பார்த்தால்கூட எனக்குப் போதும். மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013இல் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டியும், நடத்தையைத் திருத்தப் போகும் முன் வலி, வயிற்றுக் கோளாறு, பேச்சுத் தடை, வெளிச்சம், சத்தம், வழக்கம் மாறுதல், பருவ மாற்றம், துன்புறுத்தல் ஆகியவற்றைத்தான் பார்க்கச் சொல்கிறது.

சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை. சேர்க்கையின்போது இசா மதிப்பெண் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். அது ஆட்டிசம் எந்த அளவுக்கு இருக்கிறது என்று பார்க்கும், 40 கேள்விகள் உள்ள இந்திய அளவுகோல். 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரம். உதவித்தொகைக்கும் அடையாள அட்டைக்கும் அது வேண்டும். ஆனால் 110 என்ற எண், அந்தப் பிள்ளை பதினொன்றரை மணிக்கு ஏன் கடிக்கிறது என்பதைச் சொல்லாது. 'மிதமான' பிள்ளையைச் சேர்த்துக்கொள்வோம், 'தீவிர' பிள்ளையை வேண்டாம் என்று அந்த எண்ணை வைத்துக் கதவடைப்பது அதைப் பயன்படுத்தும் முறையே இல்லை.

மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் கடும் எரிச்சலுக்கும் ஆவேசத்துக்கும் ரிஸ்பெரிடோன் தர அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006இல் அனுமதித்தது, அரிபிப்ரசோலுக்கு 2009இல். சில பிள்ளைகளுக்கு அவை உண்மையிலேயே உதவுகின்றன, நம்ம ஊர் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ் டாக்டர் எழுதிக் கொடுத்தால் பெற்றோர் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பசி கூடும், எடை ஏறும், தூக்கம் அசத்தும். பல்வலிக்கு அது மருந்து ஆகாது. போர்டைப் பார்த்து எழுத முடியாததற்கும் ஆகாது. எந்தப் பிள்ளைக்கு மாத்திரை வேண்டும் என்பதை டாக்டரும் பெற்றோரும் முடிவு செய்வார்கள். பள்ளி அதை நிபந்தனையாக வைக்கக் கூடாது.

சட்டத்தைச் சொல்லி உங்களை மிரட்ட வரவில்லை, தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ஆட்டிசத்தைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்த்து, அந்தந்தப் பிள்ளையின் தேவைக்கேற்ற வசதி செய்து தர வேண்டும் என்பது அதன் 16ஆம் பிரிவு. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. இருட்டு அறையில் உட்கார வைப்பதும் கையைக் கட்டிப் பிடித்துக்கொள்வதும் அதில் அடங்காது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள், ஒரு மிஸ். கடிபட்ட பிள்ளையின் அப்பா காலையில் வாசலில் வந்து நின்று கத்துகிறார். அவருடைய கோபமும் நியாயம்தான், அவர் பிள்ளையும் பத்திரமாக இருக்க வேண்டும். அந்தப் பாதுகாப்புக்கும் இந்தத் தேடல்தான் வழி. வீட்டுக்கு அனுப்பிய பிள்ளை ஒரு வாரம் கழித்து அதே காரணத்தோடுதான் திரும்பி வரும். வகுப்புக்குப் பயந்து கடித்த பிள்ளையாக இருந்தால், கடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்பதையும் கற்றுக்கொண்டு வரும்.

எல்லாவற்றையும் திருத்த வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். கையை உதறுவதும் முன்னும் பின்னும் ஆடுவதும் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. பல பிள்ளைகள் அதை வைத்துத்தான் தங்களைச் சமாளித்துக்கொள்கிறார்கள். பார்க்க நன்றாக இல்லை என்பதற்காகக் கையை மடியில் வைக்கச் சொல்லி அடக்கினால், அது வேறு எங்கோ வெடிக்கும். அந்தப் பிள்ளைக்கோ மற்றவருக்கோ காயம் வருகிறதா, படிப்பும் பழக்கமும் தடைபடுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

நான் உங்களிடம் கேட்பது இதைத்தான். எந்தப் பிள்ளையையும் நடத்தையைக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பும் முன், இரண்டு வாரம் எழுதிய நோட்டு மேஜையில் இருக்கட்டும். பல், காது, வயிறு, தூக்கம் பார்த்த டாக்டரின் சீட்டு இருக்கட்டும். பெற்றோரைக் கூப்பிட்டால் குற்றம் சொல்லக் கூப்பிடாதீர்கள், வீட்டில் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்கக் கூப்பிடுங்கள். பாட்டி இருந்தால் அவரையும் வரச் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்தில் ஆயாவுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். தமிழிலோ கன்னடத்திலோ உருதுவிலோ அவர்களுக்கு வரும் மொழியில் பேசவிடுங்கள். நோட்டு எழுதும் மிஸ்ஸுக்கு அந்த இரண்டு வாரம் ஒரு பீரியட் குறைத்துக் கொடுங்கள். இதில் கஞ்சத்தனம் காட்டினால் எழுத மாட்டார்கள்.

எப்படி எழுதுவது என்று உங்கள் ஆசிரியர்களோடு உட்கார்ந்து சொல்லித் தர நான் தயார், பணம் எதுவும் வேண்டாம். சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் வருகிறேன். அந்தப் பிள்ளையின் டைரியையும் எடுத்து வைத்திருங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறப்பாசிரியர்,
அல்சூர், பெங்களூரு